வெள்ளிக்கிழமைப் போட்டோ

இயற்பியல் வாத்தியார் தேவையில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் அந்தச் சேதியோடு ஆசிரியர் அறைக்குள் வந்தபோது சுள்ளி டீச்சர் சிவப்புப் பேனாவால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா நின்றது.

"தேவையில்லைனா? யாருக்கு தேவையில்லை?"

"நமக்குத்தாம்மா. நாமதான் டேப்லெட்லயே எல்லாத்தையும் படிச்சிடறோமாம். பயன்பாட்டுல நம்ம ஸ்கூல்தான் முதல் இடமாம். இவ்வளவு நல்லா நடக்கிற இடத்துக்கு எதுக்கு ஆளுன்னு கேக்கறாங்க."

முதல் இடம் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. அந்தத் துளிதான் அவளைக் கொளுத்தியது.

"பிள்ளைங்க?"

"ஆசிரியர் இல்லாத பிரிவை இந்த மாசத்தோட மூடிடணுமாம். வணிகவியலுக்கு மாத்திவிடச் சொல்லிட்டாங்க. அதுவும் நல்ல படிப்புதானேம்மா."

சுள்ளி டீச்சர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் தூரமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். அனுபவம்.

சுள்ளி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். காய்ந்த குச்சி மாதிரி உடம்பு, ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்வாள். அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டியபோது, வைத்தது யார் என்று விசாரிக்கவில்லை. "சரியாத்தான் வெச்சிருக்காளுங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள். அவள் நடத்துவது வரலாறும் குடிமையியலும். வரலாற்றை அவள் காதலித்துக் கட்டிக்கொள்ளவில்லை. பார்த்து முடித்துவைத்த சம்பந்தம் அது. பழகப் பழகப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். அவள் ஆசைப்பட்டது வேறு.

அவள் அப்பா வீடுகளுக்கு மின்சார வேலை செய்தவர். பள்ளி விடுமுறையில் அவர் பின்னாலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு அலைந்தவள் அவள். ஒரு கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எது ஓடுகிறது, அது எதற்காக ஓடுகிறது என்று கேட்டு அவர் உயிரை வாங்குவாள். "எனக்கு ஒயரை முறுக்கத் தெரியும், அவ்வளவுதான். மிச்சத்தை நீ படிச்சு எனக்குச் சொல்லு" என்பார். படிப்பதற்காகத்தான் மேல்நிலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒரு அம்மாள் வந்து, இயற்பியலுக்கு ஆள் இல்லை, எல்லோரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போங்கள் என்றார். பக்கத்து அறையில் வரலாறு நடந்துகொண்டிருந்தது. ஒரு சுவர் தாண்டியதில் வாழ்க்கை மாறியது. யாரும் அதட்டவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றைக்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிற்பாடு கற்றுக்கொண்டாள்.

இப்போது அதே மாதிரி ஒரு வகுப்பு, அதே மாதிரி ஒரு சுவர். ஒரே ஒரு வித்தியாசம். எழுந்து போகச் சொல்லப்பட்ட பெண்களில் அவள் மகளும் ஒருத்தி.

டேப்லெட்டுகள் லாரியில் வந்து இறங்கிய நாளை அவள் மறக்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள். பேசியவர்கள் எல்லோரும் உலகமே இனி உள்ளங்கையில் என்றார்கள். உள்ளங்கையில் இருந்தது அவர்கள் பேசி முடிக்கும் வரைதான். கார்கள் கிளம்பியதும் தலைமை ஆசிரியர் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இரும்பு அலமாரியில் அடுக்கிப் பூட்டினார்.

அவர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி காணாமல் போய், அதற்குப் பதில் எழுதி எழுதியே முடி நரைத்தவர். அதிலிருந்து புதிதாக ஒரு பொருள் வந்தாலே முதலில் பூட்டைத் தேடுவார். உபயோகித்தால்தானே உடையும்? திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க விடவில்லை. "வந்தது வந்தபடி ஒப்படைச்சிட்டு, கையைத் தட்டிட்டு நான் ரிடையர் ஆகிப் போயிடணும்மா" என்பார்.

ஆனால் மேலிடம் தினமும் ஒரு போட்டோ கேட்டது. பிள்ளைகள் டேப்லெட்டில் படிக்கிற மாதிரி ஒரு படம், இணையத்தில் ஏற்ற வேண்டும். தினமும் அலமாரியைத் திறப்பதா? தலைமை ஆசிரியர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் வெள்ளிக்கிழமைப் போட்டோ. வாரத்துக்கு ஒருமுறை அலமாரி திறக்கும். ஒரு வாரத்துக்கான படங்களை ஒரே மூச்சில் எடுத்து முடித்து, மறுபடி பூட்டிவிடுவார்கள்.

பிள்ளைகள் அதில் தேர்ந்துவிட்டார்கள். கரும்பலகையில் தேதியை அழித்து அழித்து எழுதுவார்கள். இடம் மாறி உட்காருவார்கள். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கிய ஒருத்திதான் மேற்பார்வை.

"ஏய், திங்கக்கிழமை நீ ஜன்னல் பக்கம் இருந்தே. இப்ப செவ்வாய். இந்தப் பக்கம் வா!"

"புதன்கிழமைக்கு நான் ரெட்டைச் சடைடி, கொஞ்சம் இரு."

"வியாழனுக்கு எனக்குத் தலைவலி. ஓரமா சோகமா உக்காந்துக்கறேன். அப்பத்தான் நிஜம் மாதிரி இருக்கும்."

திரை எரியவே எரியாது. வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னுவதால் படத்தில் அது தெரியவும் தெரியாது.

படம் எடுத்தது சுள்ளி டீச்சர். அவளுடைய போன்தான் நல்ல போன். முதல் வாரம் சத்தம் போட்டாள். "எல்லா ஸ்கூல்லயும் இதேதாம்மா" என்றார் தலைமை ஆசிரியர். இரண்டாம் வாரம் முணுமுணுத்தாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள். முணுமுணுத்தால் படம் விழாமலா போய்விடும்?

அன்று மாலை வீட்டில் அவள் கணவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். அவன் ஒரு தனியார் பள்ளியின் பஸ் ஓட்டுகிறவன். மனைவி கோபமாக இருக்கும் நாட்களில் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"இதுக்கு ஏன் டீச்சரம்மா இந்தக் குதி குதிக்கறே? எங்க ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டா போதும். டிரைவர் பிள்ளைன்னா சலுகை உண்டு. பிசிக்ஸுக்கு ரெண்டு வாத்தியார் இருக்காங்க. ஆளுக்கு ஒரு மைக் வேற."

"மத்த பொண்ணுங்க?"

"மத்த பொண்ணுங்களுக்கு நான் அப்பன் இல்லையே."

"நான் டீச்சர்ங்க. என் பொண்ணை மட்டும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வெளியே வந்துட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வாசல்ல நுழையறது?"

"மூஞ்சியா முக்கியம்? பொண்ணு படிப்பு முக்கியமா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்:

"அப்பாவைத் திட்டாதே. உன் போனை எடுத்துப் பாரு. எல்லா வாரமும் முன் வரிசையில பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கறது யாருன்னு பாரு. நான்தான். சிரின்னு சொன்னது யாரு? நீதான்."

கணவன் மெல்ல எழுந்து உள்ளே போனான்.

சுள்ளி டீச்சர் போனைத் திறந்து பார்த்தாள். திங்களில் சிரிக்கும் மகள். செவ்வாயில் சிரிக்கும் மகள். கையில் இருட்டான பலகை. இயற்பியல் வாத்தியாரை வரவிடாமல் தடுத்த சாட்சி இதுதான், அவளே எடுத்துக் கொடுத்தது. அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தன்மேல்தான். மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் பூனைக்கண்ணிக்குப் போன் போட்டாள். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள், இப்போது வேறொரு ஊரில் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். போன வருடமே அவள் ஒரு யோசனை சொல்லியிருந்தாள்: நான் இங்கே நடத்துவதை உன் பிள்ளைகள் அங்கே திரையில் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும், இரண்டு வகுப்பும் ஒரே வகுப்பாகிவிடும். தலைமை ஆசிரியரிடம் கேட்டபோது, சீல் பிரிக்காத சாமானை வைத்துக்கொண்டு விளையாட்டா என்று முடித்துவிட்டார்.

"நான் இப்பவும் ரெடிதான்டி. உங்க ஊருல அலமாரியைத் திறக்க ஆள் இருக்கா? அதைச் சொல்லு."

"திறக்கறேன்."

"மேலிடத்துல ஒரு கையெழுத்து வேணும். அப்பத்தான் வகுப்புன்னு கணக்குல வரும். இல்லாட்டிப் பிரிவை மூடிடுவாங்க."

"அதையும் வாங்கறேன்."

"அடியேய், அடிச்சுகிடிச்சு வெச்சிடாதே."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அலமாரி திறந்தபோது சுள்ளி டீச்சர் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு டேப்லெட்டையும் மேஜைமேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சார்ஜே போடாமல் கிடந்ததில் சிலது பேட்டரி ஊதி, முதுகு புடைத்து, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி இருந்தன. பிள்ளைகளை உள்ளபடி உட்காரச் சொன்னாள். வாத்தியார் நாற்காலி காலி. கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "இந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. இந்தக் கருவிகள் இயங்கவில்லை." படம் எடுத்தாள். ஏற்றினாள்.

போன் ஒரு சின்ன மணியோசை கொடுத்தது. பச்சை டிக். கீழே ஒரு வரி: மிக நன்று! உங்கள் பள்ளி தொடர்ந்து முதல் இடத்தில்!

பின்னால் நின்று எட்டிப் பார்த்த ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுள்ளி டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யை நம்பினார்கள் என்றால், ஏமாந்துபோனார்கள் என்றாவது விட்டுவிடலாம். உண்மையையும் அதே பச்சை டிக் போட்டு விழுங்குகிறார்கள் என்றால் அங்கே யாருமே பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத கண்ணுக்காகத்தான் இத்தனை வாரமும் பிள்ளைகள் சடையை மாற்றிப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சில நாட்களுக்குள் வகுப்பில் பாதிப் பேர் வணிகவியலுக்குப் போய்விட்டார்கள். காத்திருந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் சொன்னார்களாம். காலியான பெஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றாள். "குடிமையியல் களப்பயணம் சார். அரசாங்கம் எப்படி வேலை செய்யுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். டேப்லெட்டையும் எடுத்துட்டுப் போறேன், வெளியில வெச்சு எடுத்தா படம் வித்தியாசமா இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. "பேஷா போய்ட்டு வாங்கம்மா. நாலஞ்சு போட்டோ எடுத்துடுங்க. பிளாஸ்டிக் தாள் மட்டும் பத்திரம்."

பஸ்ஸில் பெண்கள் மடிக்கு ஒரு டேப்லெட்டாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எந்தக் கடையைக் காலி பண்ணிட்டு வர்றீங்க?" என்றார்.

"எல்லாம் படிக்கத்தான்ணே" என்றாள் ரேடியோ.

"அப்படியா? ஒண்ணை ஆன் பண்ணு, நானும் படிக்கறேன்."

"அதை மட்டும் கேக்காதீங்கண்ணே."

கல்வி அலுவலகத்தில் இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். சுவர் நிறைய ஒரு திரை. அதில் பள்ளிக்கு ஒரு புள்ளியாகப் பச்சை. பெண்கள் வரிசையாக உள்ளே வந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அடடே, முதல் இடத்துக்காரங்களா! வாங்க, வாங்க." சுள்ளி டீச்சரின் மகளைப் பார்த்ததும் முகம் இன்னும் பிரகாசமானது. "இந்தப் பாப்பாவை எனக்குத் தெரியுமே!"

அவர் கை காட்டிய பக்கம் ஒரு போஸ்டர். உலகம் உன் உள்ளங்கையில் என்ற எழுத்துக்குக் கீழே, ஆள் உயரத்துக்கு அவள் மகள், முத்துமுத்தாகப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கறுப்புப் பலகை. மற்ற பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். மகள் மட்டும் தரையைப் பார்த்தாள்.

"சார், உங்க கணக்குப்படி இந்த நேரத்துக்கு இவங்களுக்கு பிசிக்ஸ் வகுப்பு" என்றாள் சுள்ளி டீச்சர். "உக்காருங்கடி."

பெண்கள் அப்படியே தரையில் சம்மணம் போட்டார்கள்.

"நடத்துங்க சார்."

"நானா? நான் எப்படி டீச்சர்..."

"ஆளு வேண்டாம், இதுவே போதும்னு சொன்னது இந்த ஆபீஸ்தானே? இந்தாங்க, இதை வெச்சே நடத்துங்க."

மேஜைமேல் ஒன்றை வைத்தாள். அவர் சிரிப்பு மாறாமல் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவள் இன்னொன்றை வைத்தாள். கோப்பு எடுத்துக்கொண்டு வந்த உதவியாளர் அதைப் பார்த்ததும் பதறிப்போனார்: "ஐயா, அதைத் தொடாதீங்க! முதுகு எப்படிப் புடைச்சிருக்கு பாருங்க, வெடிச்சிடப் போகுது!"

அதிகாரி கையை இழுத்துக்கொண்டார். சிரிப்பு போயிருந்தது.

சுள்ளி டீச்சர் தன் போனை அவர் முன்னால் நீட்டினாள். போன வாரத்துப் படம். கரும்பலகையில் இருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. அடியில் இருந்த பச்சை டிக்கையும் பார்த்தார்.

"இது... இதெல்லாம் தானாவே ஓகே ஆயிடும் டீச்சர். தினமும் ஆயிரக்கணக்குல வருது. நாங்க எங்க..."

"பார்க்க மாட்டீங்க. ஆனா அதை வெச்சு வாத்தியார் வேண்டாம்னு சொல்றதுக்கு மட்டும் நேரம் இருக்கு. இவங்க வயசுல நானும் இந்த மாதிரி ஒரு வகுப்புல இருந்து எழுந்து பக்கத்து அறைக்குப் போனவதான். அன்னைக்கு ஆளும் இல்லை, டேப்லெட்டும் இல்லை, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. இப்ப ரெண்டும் இருக்கு சார். நடத்தறேன்னு ஒருத்தி இன்னொரு ஊருல சாக்பீஸோட நிக்கறா. நடுவுல ஒரு பூட்டு, ஒரு போட்டோ. இது திருட்டு இல்லையா?"

"டீச்சர், கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாத்தான் சார் இவ்வளவு காலம் இருந்தேன்."

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு தணிந்த குரலில், புதிதாக ஆள் போடுவது தன் கையில் இல்லை, ஆனால் இரண்டு பள்ளிகளும் சேர்ந்து திரையில் வகுப்பு நடத்த அனுமதி கொடுக்கலாம் என்றார். அதற்கு ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறதாம். யாரும் கேட்டதில்லையாம்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"இப்பவே. ஒரு கையெழுத்துதான்."

ஒரு கையெழுத்துதான்! அவளுக்குத் தலை சுற்றியது. சந்தோஷத்தில் இல்லை.

"ஆனா போட்டோ விஷயத்தை நீங்க எழுதிக் கொடுக்கணும்" என்றார். "அப்பத்தான் நான் உங்க ஸ்கூலை முதல் இடத்துலேருந்து நீக்கிட்டு இதுல கையெழுத்துப் போட முடியும். உங்க தலைமை ஆசிரியரைக் கேள்வி கேப்பாங்க. உங்க மேலயும் நடவடிக்கை வரும். யோசிச்சுக்கோங்க."

அவள் யோசிக்கவில்லை. காகிதம் வாங்கி, அந்த மேஜையிலேயே குனிந்து எழுதினாள். முதல் வரி: "படங்களை எடுத்தது நான்." மகள் எழுந்து வந்து தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். போகும்போது போஸ்டரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது சரசரவென்று பாதி வரை கிழிந்து வந்தது. அதிகாரி பார்த்தும் பாராதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"ரிடையர் ஆகற நேரத்துல என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களேம்மா. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. அவர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக லீவு கொடுப்பவர்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலை சார். உங்களைக் கொஞ்ச நாள் இழுத்தடிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. என்னையும் அப்படித்தான். இவளுங்களுக்கு இந்த வருஷம் போச்சுன்னா போச்சு. சாவியைக் கொடுங்க."

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊதிப்போனதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குச் சார்ஜ் போட்டுப் பார்த்ததில் சிலது உயிர் பிழைத்தன. பிளாஸ்டிக் தாளை உரிக்கப் பெண்களுக்குள் அடிபிடி. பெஞ்சுக்கு ஒன்றாக வைத்துத் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் பூனைக்கண்ணி வந்தாள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு பென்சிலைப் போட்டு, கேமராவைத் தம்ளருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தாள். தண்ணீருக்குள் பென்சில் ஒடிந்து நின்றது. முன் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் ஒரே மாதிரி தெரிந்தது. ரேடியோ எழுந்து, "டீச்சர், பென்சில் பொய் சொல்லுதா, தண்ணி பொய் சொல்லுதா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் வேறு ஊர்ப் பெண் ஒருத்தி, "ரெண்டும் இல்லை, வெளிச்சம் வழி மாறுது!" என்று கத்தினாள். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் சிரிப்பு. நடுவில் படம் உறைந்து நின்றது, பிறகு வந்தது. மகள் ஏதோ கேட்கக் கை தூக்கியிருந்தாள். திரையில் அது விழவில்லை.

"சத்தமாக் கேளுடி! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சுள்ளி டீச்சர் ஜன்னலுக்கு வெளியே இருந்து போட்ட அதட்டலில் வகுப்பே துள்ளி விழுந்தது. மகள் முறைத்துவிட்டு, சத்தமாகவே கேட்டாள்.

தாழ்வாரத்தில் வந்த கணக்கு டீச்சர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "மெமோ வந்திருக்காமே உங்களுக்கு. போகட்டும் விடுங்க. சாதிச்சிட்டீங்க டீச்சர்."

"என்னத்தைச் சாதிச்சேன்?" சுள்ளி டீச்சர் திரும்பினாள். "போன வருஷமே நடந்திருக்க வேண்டியது இது. ஒரு கையெழுத்து, ஒரு சாவி. அவ்வளவுதான் குறுக்க நின்னது. உள்ள பாருங்க, பாதி பெஞ்சு காலி. அந்தப் பாதி மாடியில வரவு செலவு எழுதிக்கிட்டு இருக்கு. விருப்பப்பட்டா போனாளுங்க?"

சொல்லிக்கொண்டே மாடிப்படியில் ஏறத் தொடங்கிவிட்டாள். வணிகவியல் வகுப்பின் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். திறப்பதற்குள் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாடம் நின்றது. கீழே இருந்து வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கீழ பிசிக்ஸ் ஆரம்பிச்சாச்சு. வர்றவங்க எழுந்திருங்க."

யாரும் அசையவில்லை. ஓரத்தில் இருந்த ஒருத்தி மட்டும் மெல்லச் சொன்னாள்: "எங்கப்பா விட மாட்டாரு டீச்சர்."

சுள்ளி டீச்சர் போனைக் கையில் எடுத்தாள்.

"உங்கப்பா நம்பரைச் சொல்லு."